புரட்டாசியில் காலியாக இருந்த ஃப்ரீசர்

1. ஞாயிற்றுக்கிழமை வந்த போன்

சிஸ்டர் ஜெயா போன் செய்தபோது நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"செல்வி, குரங்கு கூரை ஓடுங்கள நகர்த்தியிருக்கு. மழைத் தண்ணி உள்ள எறங்கிடுச்சு. கெளம்பி வர்றீங்களா?"

எந்த அலமாரி என்று கேட்டேன். "கேட்டலாக் அலமாரிதான்," என்றார். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில், பஸ் நிற்கிற இடத்துக்குச் சற்று மேலே, பலா மரங்களுக்கு நடுவில் ஒரு கன்னியர் மடம் இருக்கிறது. அதன் பின்கட்டில் உள்ள ஆவண அறையில் நான் உதவியாளர். சந்தவாசலில் பத்தாவது வரை படித்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவள். முதலில் தூசி தட்டத்தான் கூப்பிட்டார்கள். ஆட்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆவண அறையில் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அங்கே தங்கிவிட்டேன்.

அந்த அலமாரியில் என்ன இருந்தது என்பதை இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சபையார் கீழே பல ஊர்களில் பள்ளிக்கூடமும் கல்லூரியும் நடத்துகிறார்கள். ஒவ்வொன்றும் வருடா வருடம் ஒரு புத்தகம் அச்சடிக்கும். பள்ளிக்கூடம் என்றால் ப்ராஸ்பெக்டஸ், கல்லூரி என்றால் காலண்டர். சுவரில் மாட்டுகிற காலண்டர் இல்லை. என்னென்ன பாடம், யார் யார் ஆசிரியர், என்ன விதிமுறை என்று எல்லாம் அதில் இருக்கும். மொத்தமாக நாங்கள் கேட்டலாக் என்போம். பழைய ஒன்றில், ஹாஸ்டலுக்கு வரும் பெண் ஒரு பாய், ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு வெள்ளைத் தாவணி கொண்டுவர வேண்டும், ஊறுகாய் கொண்டுவரக் கூடாது என்று போட்டிருக்கும். வருடம் முடிந்ததும் எல்லோரும் தூக்கிப் போடுகிற புத்தகம். அச்சடித்த கல்லூரியிலேயே பழையது இருக்காது. மலையில் குளிர்ச்சியாக இருக்கும், கெடாது என்று அந்தக் காலத்து மதர் ஒருவர் எல்லாவற்றிலும் ஒரு பிரதியை இங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பிரதிதான் நனைந்து கிடந்தது.

ஐப்பசி பிறந்ததும் சபையின் பெரிய மதர் வருவதாக இருந்தது. ஆவணப் பெட்டிகள் மலையிலேயே இருக்கலாமா, சென்னைக்குக் கொண்டுபோய்விடலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்வதற்காக. இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டு எழுதியவர் சிஸ்டர் ஜெயா. பெட்டிகள் போனால் என் வேலையும் போகும். அப்போது புரட்டாசி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

2. சாமை காய்கிற களம்

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மடத்துக்குப் பின்னால், சாமையும் புளியும் காயவைக்கிற சிமெண்ட் களம். அதில் எங்கள் கேட்டலாக்குகளை வரிசையாகப் பரத்தியிருந்தார்கள். பக்கத்தில் காக்காய் ஓட்டுகிற கோலோடு காளியம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். மடத்தில் சமைக்கிறவர், மலையிலேயே பிறந்தவர். மலையில் எது நனைந்தாலும் களத்துக்குத்தான் போகும்.

"நீ ஒண்ணும் பயப்படாத செல்வி," என்றார். "சாயந்தரத்துக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிடும். சாமைன்னா காலால தொழாவி வுட்டிருப்பேன். இது புக்காச்சே, மெரிக்கக் கூடாதுன்னு கையாலதான் பொரட்டுறேன்."

சிஸ்டர் ஜெயா சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று சென்னைக்குப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே பழைய தாள்களைப் பாதுகாக்கிற வேலை செய்யும் ஒரு சார் இருக்கிறார். எங்களுக்கு ஒருமுறை பயிற்சி கொடுத்தவர். பேசி முடித்த சிஸ்டர் ஓடிவந்தார்.

"வெயில்ல வெக்கவே கூடாதாம். எடுங்க, எல்லாத்தையும் உள்ள எடுங்க."

பழைய ப்ராஸ்பெக்டஸ் எல்லாம் சாதாரணத் தாள். அப்பளம் போல வளைந்ததோடு தப்பித்தன. காலண்டர்களில் போட்டோ வருகிற பக்கங்கள் ஆர்ட் பேப்பர். அதன் பளபளப்புக்காக மேலே ஒரு பூச்சு இருக்கும். நனைந்தால் அந்தப் பூச்சே பசையாகிவிடும். மூடியபடி காய்ந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. களத்தின் ஓரத்தில் முதலில் வைத்த சில காலண்டர்கள் அதற்குள் செங்கல்லாகியிருந்தன. காளியம்மா அக்கா ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார். பலகையைத் தட்டினது போலச் சத்தம் வந்தது.

"நான் கெடுத்துட்டனா சிஸ்டர்?"

"நீங்க பார்க்கலைன்னா எல்லாமே தண்ணிலயே கெடந்திருக்கும் காளியம்மா."

சமாதானத்துக்குச் சொன்னதல்ல. காலையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர் காளியம்மா அக்காதான்.

உள்ளே இன்னும் தட்டுத் தட்டாக நனைந்த புத்தகங்கள் இருந்தன. ஈரம் காய்வதற்குள் பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் நுழைத்துப் பிரிக்க வேண்டும். எங்கள் இரண்டு பேர் கைக்கு அது வாரக்கணக்கான வேலை. பூஞ்சை அதுவரை காத்திருக்காது. சென்னை சார் சொன்ன வழி ஒன்றுதான். உறைய வைத்துவிட வேண்டும். உறைந்தால் பூஞ்சை வராது, பக்கமும் ஒட்டாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேலை பார்க்கலாம். பெரிய டீப் ஃப்ரீசர் வேண்டும்.

மடத்து ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கிற இடத்தில் ஒரு தயிர்ச் சட்டிகூட நுழையாது.

"ஊர்ல யார்கிட்டயாவது காலியா இருக்குமா செல்வி?" என்று சிஸ்டர் கேட்டார்.

யாரிடம் இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

3. பவுனு அக்கா

சந்தைக்குப் போகிற வழியில் பவுனு அக்காவின் கோழிக்கடை. கடைக்கு வருகிறவர்களைக் கிண்டல் செய்யாமல் அனுப்ப மாட்டார். அதற்குப் பயந்தே நான் எப்போதும் வீட்டுக்காரரை அனுப்பித்தான் கறி வாங்குவேன். புரட்டாசி பெருமாள் மாசம். எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் கறி கிடையாது. அந்த மாதம் பவுனு அக்கா கோழியை நிறுத்திவிட்டு, கடை வாசலில் கீரையும் துளசியும் விற்பார். ஃப்ரீசர் சும்மா கிடக்கும்.

சிஸ்டர் ஓட்டின் மேல் தார்ப்பாய் கட்ட ஆள் தேடிப் போனார். நான்தான் கடைக்குப் போக வேண்டியிருந்தது. போய் ஒரு கீரைக்கட்டை எடுத்துப் பார்த்து வைத்தேன். இன்னொன்றை எடுத்துப் பார்த்து வைத்தேன்.

"இன்னா செல்வி, கீரைக்கு ஜாதகம் பாக்குறியா?" என்றார் பவுனு அக்கா.

"இல்லக்கா, ஃப்ரீசரு..."

"பொரட்டாசில கறி கேக்க வந்துட்டியா? அங்க உன் வூட்டுக்காரரு நாமம் போட்டுக்கினு சுத்துறாரு, நீ இங்க ஒளிஞ்சி வந்து நிக்கிற."

கீரை வாங்க நின்ற பெண்கள் சிரித்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. களத்தில் கேட்ட அந்தப் பலகைச் சத்தம் காதிலேயே இருந்தது.

"கறி வேணாம்க்கா. மடத்துப் புக்கெல்லாம் நனஞ்சிப் போச்சு. ஒறைய வெக்கணும். இல்லன்னா பூஞ்ச புடிச்சிடும். உங்க ஃப்ரீசரு காலியாத்தானே இருக்கு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பவுனு அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

"புக்குன்னா சரஸ்வதி. கறி வெக்கிற பொட்டில எப்டிமா வெக்கிறது? அதுவும் இந்த மாசத்துல."

எனக்குப் போக மனம் வரவில்லை. அப்படியே நின்றேன். பவுனு அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஃப்ரீசர் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு குடையும், வெங்காயச் சாக்கும், அவர் வீட்டுக்காரரின் புதுச் செருப்பும் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினார். அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்தார். மூடியில் மூன்று குங்குமப் பொட்டு வைத்தார்.

"இப்ப கொண்டாந்து வெய்யி. ஆனா பொரட்டாசி முடியறதுக்குள்ள காலி பண்ணிடணும். மறுநாள் ஊரே என் கடை வாசல்ல நிக்கும்."

ஒவ்வொரு புத்தகத்தையும் பாலித்தீன் கவரில் போட்டு, முதுகு கீழே வருமாறு தக்காளி க்ரேட்டுகளில் அடுக்கி, ஆட்டோவில் கொண்டுவந்தோம். மூடியில் இருந்த குங்குமத்தை சிஸ்டர் ஜெயா ஒரு நிமிடம் பார்த்தார்.

"பத்திரமா இருக்கும்," என்றார்.

4. பூஜையில் வைத்தது

அதன்பிறகு காலையில் கடைக்குப் போய் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவருவேன். உறைந்தது இளகி, தாள் ஈரமாக இருக்கும்போதே பக்கங்களைப் பிரிப்போம். மூன்றாவது ஆளாகக் காளியம்மா அக்காவும் உட்கார்ந்தார். புளியில் கொட்டை எடுத்துப் பழகிய விரல்கள். இழுக்காது, அவசரப்படாது. எங்களைவிடக் குறைவாகத்தான் கிழித்தார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று காலையில் அடித்த காற்றில் மலைப்பாதையில் மரம் விழுந்து கரண்டு போய்விட்டது. நாளைக்குத்தான் வரும் என்றார்கள். ஃப்ரீசரில் பாதிக்கு மேல் புத்தகங்கள் இருந்தன. நான் கடைக்கு ஓடினேன்.

ஃப்ரீசருக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தது. மூடியின் மேல் கோழி வெட்டுகிற கத்தி, தராசு, எடைக்கல், ஒரு தட்டில் பொரி கடலை.

"அக்கா, கரண்டு இல்ல. உள்ள எல்லாம் எளகிடும். மடத்துக்கு எடுத்துக்கினு போயிடறேன்."

"இன்னிக்கா? பூஜைல வெச்ச புக்க எடுப்பாங்களா? நாளைக்கு காலைல வா."

"எளகிச்சுன்னா மொத்தமும் போயிடும்க்கா."

"அதுக்கு? கத்தி, தராசு எல்லாம் மேல வெச்சு கும்புட்டிருக்கேன். நான் தொட மாட்டேன். நீ எடுக்கறதுன்னா எடு."

அதை எடுக்க எனக்கும் கை வரவில்லை. நானும் அந்தப் பூஜை செய்கிற வீட்டில் வளர்ந்தவள்தான். மடத்துக்கு வந்து சிஸ்டரிடம் சொன்னேன். டவரும் போய்விட்டதால் சென்னை சாரைக் கேட்கவும் வழியில்லை.

"அவங்க பெட்டி, அவங்க பூஜை. அதைப் போய் நாம கலைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் ஜெயா சிற்றாலயத்துக்குள் போனார்.

மறுநாள் காலையில் கரண்டு வந்துவிட்டது. பவுனு அக்கா சூடம் காட்டி, கத்தியையும் தராசையும் இறக்கிவைத்து, மூடியைத் தூக்கினார். வெள்ளையாகப் புகை வந்தது. ஒரு புத்தகத்தை எடுத்து அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. வெங்காயச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

டவர் வந்தபின் சிஸ்டர் போன் செய்து, பேசுவது எனக்கும் கேட்கும்படி வைத்தார். சார் சொன்னார்: "நல்லா ஒறைஞ்ச ஃப்ரீசர், மூடியைத் திறக்காம விட்டா ஒரு நாள் தாங்கும். நேத்து வெளிய எடுத்திருந்தீங்கன்னா அத்தனையும் ஒண்ணா இளகியிருக்கும். உங்களால சமாளிச்சிருக்க முடியாது. நல்ல வேளை, விஷயம் தெரிஞ்சு திறக்காம விட்டீங்க."

விஷயம் தெரிந்து அப்படிச் செய்யவில்லை என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. சார் சொன்னதைப் பவுனு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"இத நான் நேத்தே சொன்னேன். படிச்சவரு சொன்னாத்தான் நீ கேப்பியா?" என்றார். கையில் பொரியைக் கொடுத்தார்.

5. மதர் வந்த நாள்

புரட்டாசி முடிவதற்கு முன்பே ஃப்ரீசரைக் காலி செய்து கழுவிக் கொடுத்துவிட்டோம். மதர் வந்தபோது கேட்டலாக்குகள் பலகைக்கு அடியில் அழுத்தம் வாங்கி, மறுபடி அலமாரிக்கு வந்திருந்தன. செங்கல்லான காலண்டர்களை சிஸ்டர் ஜெயா மறைக்கவில்லை. மேஜையில் முதலில் அவற்றைத்தான் வைத்தார்.

மதர் அவற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு காலண்டரை எடுத்துப் பிரித்தார். போட்டோ பக்கம் திறந்தது. ஒட்டியிருக்கவில்லை. புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என்ன வாசனை?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். மதர் வந்தால் நான் எப்போதும் பீரோவுக்குப் பின்னால் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். அன்று எதிரிலேயே நின்றிருந்தேன்.

"கோழிக்கடை ஃப்ரீசர்ல வெச்சிருந்தோம், மதர். மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவித்தான் வெச்சாங்க. அப்பவும் கொஞ்சம் மசாலா..."

மதர் இன்னொரு முறை மோந்து பார்த்தார்.

"நான் படிச்ச காலேஜ் காலண்டர் இது. அந்த ஹாஸ்டல்ல இருந்தவரைக்கும் இப்படி ஒரு வாசனை வந்ததே இல்லை."

வாசலில் நின்ற காளியம்மா அக்காதான் முதலில் சிரித்தார். பிறகுதான் எங்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது.

டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மதர் சிஸ்டரிடம் சொன்னார்: "ஓட்டைப் பிரிச்சிட்டு நல்ல கூரையா போட்டுடுங்க. குரங்கு ஏறாத மாதிரி வலையும் போடணும். பெட்டிங்க இங்கேயே இருக்கட்டும். சென்னைல எனக்குக் கோழிக்கடைக்காரங்க யாரையும் தெரியாது."

கார் இறக்கத்தில் திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு நான் உள்ளே போனேன். பீரோவுக்குப் பின்னால் போய் நின்று கொஞ்சம் அழுதேன். நல்ல அழுகைதான்.

6. கதவில் ஒட்டிய தாள்

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. நனைந்த புத்தகத்தை அவசரப்பட்டுத் திறந்து பார்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். உறைய வைத்தால் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். இதெல்லாம் பயிற்சியிலேயே சொல்வார்கள். யார் வீட்டில் என்ன இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்கலாம் என்பதைப் பயிற்சியில் சொல்ல மாட்டார்கள். அதை மழைக்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போலக் கூச்சம் உள்ளவர்கள் கீரைக்கட்டை எடுத்துப் பார்ப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம்.

ஆவண அறைக் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள். முதலில் சிஸ்டர் ஜெயா, அடுத்தது சென்னை சார், மூன்றாவது பவுனு அக்கா. அவர் பெயரை எழுதுவதற்கு முன்னால் கடைக்குப் போய்க் கேட்டேன். இப்போதெல்லாம் கறி வாங்க நானே போகிறேன்.

"வேற மாசத்துல நனஞ்சா இன்னாக்கா பண்றது? உங்க ஃப்ரீசர்ல கோழி இருக்குமே."

"மழ மாசம் பாத்தா பேயுது? கொண்டா, கோழிய அந்தாண்ட தள்ளி வெச்சிக்கலாம்," என்றார். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "ஆனா தீவாளிக்கு மொத நாளு மட்டும் நனைய வுட்றாதீங்கமா."

அதையும் அந்தத் தாளில் எழுதிவைத்திருக்கிறேன்.