பெட்ரோல் டேங்க் மூடி

இலுப்பூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். மைதானத்தில் புல் வெட்ட, உட்கார்ந்து ஓட்டும் வண்டி ஒன்று எங்களிடம் உண்டு. அதை ஓட்டியவர் ஆரோக்கியம், என்னைவிட மூத்தவர். அவர் மகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தாள்.

போன மழைக்காலம் முடிந்ததும் வண்டி தொல்லை கொடுத்தது. பத்து நிமிடம் ஓடும், பிறகு திணறி நின்றுவிடும். பிளக்கை மாற்றியும், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தும் பலன் இல்லை. “டேங்க் மூடியைத் தொறந்து மூடுனா மறுபடி ஓடுது சார்” என்றார் ஆரோக்கியம். அவர் அடிக்கடி மூடியைத் திறப்பதைப் பார்த்த எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் மாணவர்கள் முன்னாலேயே, “பெட்ரோல் எடுக்குறியா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நானே ஓட்டினேன். அதேபோல் நின்றது. மூடியைத் திருகியதும் காற்று புஸ்ஸென்று உள்ளே போனது. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று அதைப் பசை வைத்து அடைத்தவன் நான்தான். காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்கவில்லை.

அன்று மாலையே ஆவூரில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட சொல்லிட்டீங்க சார். பசங்க எம் புள்ளைய கேலி பண்றாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்றது?” என்றார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் தவறைச் சொன்னேன். ஆனாலும் ஆரோக்கியம் திரும்பி வரவில்லை. மகளையும் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார். இப்போதெல்லாம் எந்த இயந்திரம் நின்றாலும், அதை ஓட்டுகிறவர் சொன்னபடி நானே ஒருமுறை செய்து பார்க்காமல் அவரை ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.