நாளைக்கு வராதேங்கோ, அப்பா

பிள்ளைகளே, போன இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர் பேஸ்பால் அணி, கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றான பிளே-ஓவ் ஆட்டம் ஒன்றில் விளையாடியது. அதைப் பார்க்க கனடாவில், ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு என் நண்பர் சிவா அண்ணையும் வந்திருந்தார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நாங்கள் இருவரும் தொலைக்காட்சியோடு சண்டை பிடிப்பதில் கெட்டிக்காரர்கள்.

கடைசி நேரத்தில் எங்கள் பந்துவீச்சாளரின் பந்தை எதிரணி வீரர் பார்வையாளர் கூட்டத்துக்குள் அடித்துவிட்டார்.

"களைச்சுப்போனவனை ஏன் இன்னும் விட்டு வைச்சிருக்கிறாங்கள்? உவனை மாத்தச் சொல்லி நான் அப்பவே சொன்னனான்!" என்றார் அண்ணை.

"உவன்ர அப்பா பார்த்தா வெக்கத்தில செத்துப்போவார்!" என்று நானும் கத்தினேன்.

பக்கத்தில் இருந்த என் மகள் நிலானி எழுந்தாள். மறுநாள் சிறுமியர் அணிக்கு அவள்தான் பந்து வீச இருந்தாள்.

"அப்பா, நாளைக்கு என்ர கேமுக்கு வராதேங்கோ."

"ஏன் குஞ்சு?"

"நான் பிழையாப் போட்டா உங்களுக்கும் வெக்கமா இருக்கும்தானே?"

"சத்தியமா வாயே திறக்கமாட்டன்" என்று கெஞ்சித்தான் சம்மதம் வாங்கினேன்.

மறுநாள் அவள் வீசிய முதல் பந்தே பிடிப்பவளைத் தாண்டி வேலிக்குப் போனது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் மூச்சை இழுத்துவிட்டு அடுத்த பந்தை வாங்கினாள்.

அன்று அவர்கள் தோற்றார்கள். காரில் ஏறியதும், "அடுத்த முறையும் வாறீங்களோ?" என்று கேட்டாள்.

தொலைக்காட்சிக்குள் நிற்பவருக்கு நாம் கத்துவது கேட்காது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும். இப்போது எந்தப் பந்துவீச்சாளர் தடுமாறினாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் யாருடைய முகத்தைத் தேடுகிறாரோ என்ற பயம்தான் வருகிறது.