சிவப்புப் பொத்தான் வைத்த பாடம்

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் எனக்குப் பயிற்சிப் பிரிவில் வேலை. தொழிலாளர்களுக்கான பாடங்களை டேப்லெட்டில் தொட்டுத் தொட்டுப் படிக்கிற மாதிரி செய்துகொடுக்க வேண்டும். பாடம் தயாரிக்கிற சாஃப்ட்வேரில் எழுத்து அசைவதற்கு நாலைந்து வழிகள்தான் உண்டு. மங்கலிலிருந்து தெளியும், கீழிருந்து எழும்பும், அவ்வளவுதான். காட்பாடியில் கம்ப்யூட்டர் படித்தவளுக்கு அது போதுமா? ஜாவாஸ்கிரிப்டில் நானே நிரல் எழுதி உள்ளே செருகினேன். குரல் வாசிக்க வாசிக்க அந்தந்தச் சொல் மஞ்சளாக மின்னும். கேள்வி வந்ததும் பதில்கள் ஒவ்வொன்றாக வலப்பக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். ஓடவிட்டு ஓடவிட்டு நானே ரசித்தேன். மேனேஜர்கூட, சினிமா டைட்டில் மாதிரி இருக்கிறது என்றார்.

அதே கம்பெனியில் என் அண்ணி பேஸ்டிங் செக்‌ஷனில் இருந்தார். ஓடுகிற பெல்ட்டில் வருகிற தோல் துண்டுகளுக்குப் பசை தடவுகிற வேலை. அந்தப் பசை வாடையில் சாயங்காலம் ஆனால் தலை பிளக்கும். வீட்டுக்கு வந்ததும் நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கதையை என்னிடம்தான் சொல்லும்.

அந்தச் சமயத்தில், தைத்து வருகிற துண்டுகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஜன்னலோர இடம், பசை வாடை எட்டாது. ஆனால் என் பாடத்தைப் படித்து அதிலேயே டெஸ்ட் எழுதித் தேற வேண்டும்.

“இது மட்டும் கெடச்சிட்டா போதும் பாப்பா. பசங்களாண்ட நாலு வார்த்த பேச தெம்பிருக்கும்” என்றார் அண்ணி.

முதலில் ஒரு ஒத்திகை வைத்தோம். முடிவைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணி உட்பட அத்தனை பேரும் ஃபெயில். அதுவும் எப்படி? எல்லாக் கேள்விக்கும் எல்லாரும் முதல் பதிலையே தொட்டிருந்தார்கள். தொட்டது தொட்டதுதான், மாற்ற முடியாது என்று நான்தான் வைத்திருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“படிச்சுப் பாக்காமலே அமுக்கிட்டீங்களா? எல்லாம் பேசி வச்சுக்கிட்டீங்களா அண்ணி?”

அண்ணிக்கு முகம் சுருங்கிப்போனது. “இன்னா பாப்பா இப்டி பேசற? கண்ணு முன்னாடி ஒண்ணு வருது, கை வெக்காம எப்டி உடறது? உட்டா அடுத்தது வந்து குமிஞ்சிடுமே!”

எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை செய்யச் சொல்லி, திரையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன். முதல் பதில் வலப்பக்கத்திலிருந்து வழுக்கி வந்தது. அது நிற்பதற்குள் விரல் போய்த் தொட்டுவிட்டது. பெல்ட்டிலும் அவருக்கு வலப்பக்கத்திலிருந்துதான் துண்டு வரும். அடுத்தது வருவதற்குள் கையில் இருப்பதை முடித்தாக வேண்டும். பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் சூப்பர்வைசருக்கும் செக்கருக்கும் மட்டும்தான். இத்தனை வருஷமாக அந்த வேகத்துக்குப் பழகிய கைக்கு நான் இன்னொரு பெல்ட்டை ஓட்டிக்காட்டி, பொறுமையாகப் படி என்று அதட்டியிருக்கிறேன்!

அனிமேஷனையே எடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சொற்கள் மின்னுவதால்தான் எந்த வரியில் இருக்கிறோம் என்று தவறாமல் தெரிகிறது என அண்ணியே சொல்லியிருந்தார். அதைத் தொடவில்லை. பதில்கள் மட்டும் ஓடி வராமல் அதனதன் இடத்திலேயே மெல்லத் துலங்கும்படி மாற்றினேன். எல்லாம் வந்து முடியும்வரை தொட்டாலும் எடுக்காது. திரையின் கீழே, பெல்ட்டில் இருப்பதைப் போலவே ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தேன். அமுக்கினால் குரல், எழுத்து எல்லாம் அப்படியே நிற்கும். மறுபடி அமுக்கினால்தான் நகரும்.

டெஸ்ட் நாளில் முதல் கேள்வி வந்ததும் அண்ணியின் விரல் பழக்கதோஷத்தில் கிளம்பியது. ஆனால் பாதி வழியில் விரல் தயங்கி, கீழே இறங்கிப் பொத்தானை அமுக்கியது. எழுத்துகள் நின்றன. அண்ணி முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உதடு அசைய நிதானமாகப் படித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அண்ணி தேறிவிட்டார். செக்கராக உட்கார்ந்த முதல் நாள், ஏதோ சாக்குச் சொல்லி நானும் அந்தப் பக்கம் போனேன். தையல் விட்ட துண்டு ஒன்று வந்தது. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மொத்த பெல்ட்டும் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருங்க, பாத்துட்டு உடறேன்” என்றார்.

அன்று கம்பெனி வேனில் ஏறியதிலிருந்து வீடு வரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்தும் பிள்ளைகளோடு பேச்சு நிற்கவில்லை. கடைசியில் அவர் நெற்றியில் கட்டுகிற அந்தத் துண்டை எடுத்து நான்தான் தலையில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.