பிள்ளை இல்லாமல் குடித்த பேறுகால மருந்து

எட்டாம் மாதத்தில் என் மகன் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனான். ஆஸ்பத்திரியில் வலி வர மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள். நான் கண் விழித்தபோது என் கணவர் அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாக்கார் ஆராங்கில் இருந்த எங்கள் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா பாடாங் செராயிலிருந்து வந்திருந்தார். பேறுகாலத்துக்கென்று அவர் முன்பே வாங்கிக் கொடுத்திருந்த சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் அலமாரியில் அப்படியே கிடந்தன. அவற்றை இடிக்க அவருக்கு மனசு வரவில்லை. ரசம் வைத்தார், சோற்றைக் குழைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. சட்டை நனைய நனையச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பக்கத்து வீட்டுக் கொரியப் பெண் வந்தாள். அவள் கணவர் கூலிமில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. கையில் ஒரு சட்டியும் அட்டைப்பெட்டியும் இருந்தன.

அம்மா வாசலிலேயே மலாயில் சொன்னார்: "பிள்ளை இறந்துபோச்சு."

"தெரியும்," என்றாள் அவளும் அரைகுறை மலாயில். "ஆனா அக்கா பெத்திருக்காங்களே. ரத்தம் போகுது. குடிக்கணும்."

சட்டியில் கடற்பாசி சூப். அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவள் முதலில் குடிப்பது அதுதானாம். மாட்டிறைச்சி போட்டுத்தான் வைப்பார்களாம். நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று மட்டிச் சிப்பி போட்டிருந்தாள். பெட்டியில் சிறு சிறு பைகளாகக் கறுப்புக் கஷாயம். என் பிரசவத்துக்கென்றே ஊரிலிருக்கும் தன் தங்கையிடம் சொல்லி வரவழைத்தது. சீனர் மருந்துக்கடையில் டாங்குய் என்று விற்கும் வேர், இஞ்சி, அதிமதுரம் எல்லாம் சேர்ந்தது என்றாள். ஒரு பையைச் சூடாக்கிக் கொடுத்தாள். கசந்தது. இரண்டாவது மடக்கில்தான் எனக்கு அழுகை வந்தது.

நனைந்த சட்டையை அவள் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. மத்தியானம் மறுபடி வந்தாள். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் கொண்டுவந்திருந்தாள்.

"இது எதுக்கு?" என்றார் அம்மா.

"பால் வத்துறதுக்கு." பிறகு கைப்பேசியில் தன் மொழியில் ஏதோ பேசி, மலாய்க்கு மாற்றி எங்களிடம் நீட்டினாள். 'எனக்கும் ஒரு பிள்ளை இறந்தது. அப்போது என் மாமியார் சூப் வைக்கவில்லை. பிள்ளை இல்லாதவளுக்கு எதற்கு என்றார்.'

அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். சமையலறைக்குப் போனார். சற்று நேரத்தில் உரலில் சுக்கு இடிபடும் சத்தம் கேட்டது. இடையிடையே நின்று, மூக்கை உறிஞ்சிவிட்டு, மறுபடி இடித்தார். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறி, உருண்டை பிடித்து என் வாயில் ஊட்டினார்.

"உன்னை அப்படியே போட்டுட்டேனே, புள்ள," என்றார்.

காலையில் கஷாயம், சாயங்காலம் உருண்டை. பால் மெல்ல வற்றியது. வற்றியதற்கும் அழுதேன்.

இருபதாம் நாள் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் கார் வரைக்கும் நடந்தேன். "அவனை வச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றேன். என் கணவர் மறுக்கவில்லை. பாடாங் செராய்ப் பக்கம் எஸ்டேட் சுடுகாட்டில், ரப்பர் மரங்களை ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு மண் மேடு. மழையில் பாதி கரைந்திருந்தது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து, கையாலேயே மண்ணை அள்ளி அதைச் சரிசெய்தோம்.