முதலாளி வீட்டுப் பியானோவும் எங்கள் ஈரப் பாவும்

ஈரப் பட்டில் தெளித்த அரிசிக் கஞ்சிக்கு லேசான புளித்த வாசனை உண்டு. ஆரணியில் எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்குக் காலையில் காப்பி வாசனைக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறும். அதை யாராவது மண்ணின் மணம் என்று உருகி எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு அந்த வாசனை ஒரே ஒரு காலைப்பொழுதைத்தான் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. தெருக்கோடியில் மாளிகைபோல் வீடு கட்டிக் குடியேறியிருந்த பட்டு முதலாளி, கச்சேரி மேடைகளில் வைக்கிற அளவுக்குப் பெரிய பியானோ ஒன்றை வீட்டுக்கு வாங்கியிருந்தார். அது வந்து இறங்கிய காலையைத்தான் சொல்கிறேன்.

அவருடைய மகள் ஊட்டியில் தங்கிப் படித்தவள்; அங்கே பியானோ கற்றுக்கொண்டிருந்தாள். வாசிக்கத் தெரிந்த பெண்ணுக்கு வாங்கித் தருவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் சென்னைக் கடையில் வீட்டுக்கு ஏற்றதாகச் சுவரோரம் நிற்கும் சிறிய பியானோவைக் காட்டியபோது, "இருக்கறதுலயே பெரிசு எது?" என்று கேட்டாராம். பாவு வாங்கப் போன நெசவாளிகளிடம் அவரே சொல்லிச் சிரித்த கதை இது. "அது கச்சேரி ஹாலுக்குங்க சார்ன்னான். ஏன், என் வூட்டு ஹாலுக்கு இன்னா கொறச்சல்ன்னேன்." முதலாளி சிரித்தால் கூடச் சிரிப்பது எங்கள் தெரு வழக்கம். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ராணி அத்தை மட்டும் தண்ணீர்க் குழாயடியில், "அந்த வூட்ல ஆர்மோனியம் வாசிக்கவே ஆளில்ல. இவரு அதோட பாட்டனையே வாங்கிகினு வர்றாரு" என்றாள்.

எங்கள் அப்பா கன்னியப்பன் அந்த முதலாளிக்குத்தான் நெய்தார். பட்டு அவருடையது, தறியும் கையும் எங்களுடையவை. சேலைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகள் அத்தனையும் சேர்ந்ததுதான் "பாவு". தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவி, ஒட்டிய இழைகளைப் பிரித்துக் காயவைக்க வேண்டும். தனி ஆளால் ஆகிற வேலை இல்லை அது. இன்றைக்கு நம் பாவு என்றால் தெருவே வந்து கை கொடுக்கும், நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் போவோம். கூலி கிடையாது, கூப்பிட்டு வராமல் இருந்தவரும் கிடையாது. பாவு நீட்டியிருக்கும்போது மாட்டுவண்டி, ஆட்டோ எல்லாம் சுற்றிக்கொண்டுதான் போகும். ஆடி மாதம் அம்மன் புறப்பாடே பாவு எடுத்து முடியும்வரை கோயில் வாசலில் காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மன் காத்திருந்தாள். பியானோ காத்திருக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் பாவு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று இருட்டோடு ஆரம்பித்து, கஞ்சி தெளித்து நீவிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் சென்னை லாரி வந்து நின்றது. பின்பக்கத் தெருவில் மின்கம்பி தாழ்வு, அதனால் எங்கள் தெரு வழியாகத்தான் வரவேண்டுமாம். முதலாளி தெருக்கோடியிலிருந்து நடந்தே வந்தார். கூட பியானோ விற்ற சென்னைக் கடைக்காரர்.

"கன்னியப்பா, பாவ சுருட்டு."

"முதலாளி, கஞ்சி ஈரமா கீதுங்க. சித்த நேரம் பொறுத்தா காஞ்சிடும்."

"அங்க வண்டி நின்னுகினு கீது. ஜல்தியா சுருட்டுப்பா."

"ஈரத்தோட சுருட்டினா இழை ஒட்டிக்குங்க. உங்க பட்டுங்க அது."

"என் பட்டுதானே? நான்தானே சொல்றேன்?"

அப்பாவின் பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை இத்தனை வருடத்தில் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. அப்பா ஒருமுறை தெருவின் நீளத்தைப் பார்த்தார். பிறகு, "புடிங்கப்பா" என்றார். ஈரம் சொட்டச் சொட்டப் பாவு சுருண்டது.

அதோடு விட்டிருந்தாலாவது வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிரித்து, மின்விசிறியடியில் போட்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு மீட்டிருப்பார்கள். லாரியோடு வந்த ஆட்களால் பியானோவைப் படியேற்ற முடியவில்லை. முதலாளி வாசலில் நின்றபடியே, "பாவுக்கு வந்த கைங்கதானே எல்லாம்? அப்படியே இதுக்கும் வாங்கப்பா" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் போனார்கள். அப்பாவும் போனார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வார்கள். கூப்பிட்டால் போகிற பழக்கத்தை எங்களுக்குள் நாங்கள் வைத்திருந்தோம்; அதை அவர் ஒரு சொல்லில் தனக்காக்கிக்கொண்டார். அவர் ஒருநாளும் எங்கள் பாவுக்கு வந்து இழை பிடித்தவரில்லை. பியானோவைப் படியேற்றி, கூடத்தில் கால்களைப் பூட்டி நிமிர்த்தி, சன்னல் பக்கம் வேண்டாம் சுவர்ப் பக்கம் வைக்கலாம் என்று அவர் மனம் மாறி மறுபடி நகர்த்தி முடிப்பதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. வீட்டில் நானும் அம்மாவும் பாவைத் தொடப் பயந்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அப்பா வந்து பிரித்தார். பிரியவில்லை. இழையும் இழையும் பசை போட்டதுபோல் பற்றிக்கொண்டிருந்தன; இழுத்த இடத்திலெல்லாம் அறுந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை பியானோவுக்குப் பூஜை. புது லாரிக்குச் செய்வதுபோல அதன் மூன்று கால் சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளி நசுக்கினார்கள். கறுப்பு மூடியில் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். முதலாளி மகள், பாவம், சங்கடத்தோடு ஏதோ வாசித்தாள்; நன்றாகத்தான் வாசித்தாள். தெருவே போயிருந்தது. தூக்கியவர்கள் கையில் தொன்னையில் கேசரி இருந்தது. நல்ல நேரம் பார்த்து அப்பா அடுத்த பாவு கேட்டார். தறி காலியாக இருந்தால் எங்கள் வீட்டில் அடுப்பும் காலி.

"கையில குடுத்த பாவ காப்பாத்தத் தெரியல உனக்கு. இன்னொண்ணு குடுத்தா அதையும் பாழாக்குவ" என்றார் முதலாளி, விருந்தாளிகள் காதில் விழும்படி.

அவ்வளவு பேர் அன்று காலை தெருவில் நின்றவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "நீங்கதானே ஈரத்தோட சுருட்டச் சொன்னீங்க?" என்ற குரல் என்னுடையதுதான் என்பது சொல்லி முடித்த பிறகே எனக்குப் புரிந்தது. "நான் அங்கதான் இருந்தேன். அப்பா வேணாம்னாரு. என் பட்டுதானேன்னு நீங்கதான் சொன்னீங்க."

விருந்தாளிகள் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு முதலாளி சிரித்தார். "இன்னாய்யா கன்னியப்பா, பொண்ண வக்கீலுக்குப் படிக்க வெக்கிறியா?" வழக்கம்போல் எல்லோரும் சிரித்தார்கள். "சின்னப் புள்ளைங்க முதலாளி, மனசுல வெச்சிக்காதீங்க" என்று அப்பா குனிந்தபடி என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். எனக்கு வலித்தது மணிக்கட்டு அல்ல.

ஆரணியில் யாரும் அப்பாவுக்குப் பாவு தரவில்லை. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் ஒருவர் தன் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்காரச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. அகலக் கரைச் சேலைக்கு "கோர்வை" போட, அதாவது பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை வீச, அப்பாவே ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அந்த இடத்தில் பிள்ளைகளைத்தான் உட்காரவைப்பார்கள். தம்பி ரொம்பச் சின்னவன். அப்பா என்னைப் பார்த்தார். "எழுதப் படிக்கத்தான் வந்திருச்சே, போதும்" என்றார். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்புவரை போனதே நான் ஒருத்திதான். அவருக்கு அது நிஜமாகவே போதுமானதாகத் தெரிந்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மலரு வரமாட்டா" என்றாள்.

"அப்ப கோர்வைக்கு யாரு?"

"நான் வரேன்."

"உனக்கு இன்னாடி தெரியும்?"

"அவளுக்கு மட்டும் தெரியுமா? அத்தினி ஆம்பளைங்க கேசரி தின்னுகினு நின்னீங்க. கேக்க வேண்டியத இவ ஒருத்திதான் கேட்டா. அந்த வாய கொண்டுபோயி தறில பூட்டச் சொல்றியா? ஊமையா இருக்கறதுக்கு நாம ரெண்டு பேரு போதும்."

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனாள். பிள்ளைகள் உட்காரும் குறுகிய பலகையில் அவள் உடம்பை ஒடுக்கி உட்கார்ந்ததைப் பார்த்து அங்கிருந்தவர்கள், "கன்னியப்பன் புதுசா ஒரு பையனை கூட்டிகினு வந்துகீறான்" என்று கேலி செய்தார்களாம். அம்மா சிரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. ஜூன் மாதம் ஏழாம் வகுப்புக்குப் போனேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விடுதியோடு கல்லூரி கிடைக்கும்வரை அவள் அந்தப் பலகையில்தான் இருந்தாள்.

இப்போது நான் வேலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதை எங்கே வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்வேன். எங்கள் தெருவில் இப்போது பாவு நீட்டுவதில்லை. இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன, பாவு எந்திரத்தில் ஓடித் தயாராக வருகிறது. அதற்காக நான் அழப்போவதில்லை. முதலாளி மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். பியானோவின் மூடி மீது பட்டுச்சேலைகளை விரித்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிறார்களாம். காட்டட்டும்.

மறைந்துபோனதில் என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்று. தம்பிக்குப் பெண் பார்த்த இடத்திலிருந்து போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ அங்கே போக, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த வூட்டு பியானோவ தூக்கி வெச்சதே நாங்கதாங்க. சென்னை ஆளுங்களாலயே முடியல. தூக்கறப்போ உள்ள இருக்கிற கம்பியெல்லாம் ஞொய்ங்குனு ஒரு சத்தம் குடுத்துது பாருங்க, இன்னும் காதுல கீது." முகமெல்லாம் பெருமை. வந்தவர்கள் வியந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன அந்தக் காலைப்பொழுதில் லாரி இருந்தது, கடைக்காரர் இருந்தார், முதலாளி எல்லோருக்கும் மோர் கொடுத்ததுகூட இருந்தது.

"அந்தப் பாவு என்னாச்சுப்பா?" என்றேன்.

"எந்தப் பாவு?"

அவர் நடிக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நான் வாயெடுப்பதற்குள், பலகாரத் தட்டோடு வந்த அம்மா அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எந்தப் பாவா? அப்ப நான் எதுக்குய்யா அத்தினி வருசம் முள்ளிப்பட்டுக்கு வந்தேன்?"

விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி என்னை முறைத்தான், பேச்சை மாற்று என்று. அப்பா பதில் தேடி என் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.