நெறி கரைந்த பூனை

மீனாட்சிபுரத்தில் மாட்டுக்கு வீக்கம் கண்டால் பொங்கியண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். காய்ச்சிய கம்பியை எங்கே, எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். 1974இல், பால்மாடு வைத்துப் பிழைக்கும் வள்ளியாத்தாள் ஒரு கடுவன் பூனையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். சண்டையில் கடிபட்ட பூனை. கடி ஆறி ஒரு மாதம் கழித்து, தாடைக்கடியிலும் தோளுக்கு முன்னாலும் புளியங்கொட்டை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. பூனைத்தோல் கம்பியைத் தாங்காது என்று, மஞ்சள் கொம்பைத் தீயில் காட்டி நாலு இடத்தில் வைத்தார். பூனை அவர் முன்கையைக் கிழித்துவிட்டு ஓடியது.

மூன்று மாதத்தில் நெறி கரைந்தது. பொங்கியண்ணன் பேர் வடகரப்பதி வரைக்கும் போயிற்று. சூட்டால்தான் கரைந்தது என்று அவரும் நம்பினார். நம்பாமலிருக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

நாலு வருடம் கழித்து அதே பூனை திரும்பி வந்தது. ஈறெல்லாம் புண், எச்சில் வடிகிறது, எலும்பு எண்ணலாம். சூடு வைக்க இடம் தேடித் தாடைக்கடியில் விரல் வைத்தார். நெறி இல்லை. நல்ல பூனைக்கும் அங்கே பயறு போல ஒன்று தட்டுப்படும், அதுவும் இல்லை. உடம்பு நோயோடு சண்டைக்கு ஆள் திரட்டும் இடம் காலியாகக் கிடந்தது. கடிவழியே பரவி உடம்பின் எதிர்ப்பையே அழிக்கும் வைரஸ் ஒன்று பூனைகளுக்கு உண்டு என்று உலகம் அறிய இன்னும் எட்டு வருடம் இருந்தது.

வள்ளியாத்தாள் கூடையில் இன்னொரு பூனையும் இருந்தது. அந்தக் கிழப்பூனையிடம் கடிவாங்கிய இளங்கடுவன். அதே இடங்களில் நெறி. முன்பு போலவே சூடு வைக்கச் சொன்னாள். பொங்கியண்ணன் மஞ்சள் கொம்பைக் கீழே வைத்தார்.

"மூணு மாசம் சும்மா உட்டுப் பாக்கலாம் அம்மிணி."

"ஏனுங்கண்ணா, கீறிப்போடுமுன்னு பயமாக்கும்?"

அவருக்குப் பயம்தான், ஆனால் பூனையிடம் இல்லை. நெறி தானாகக் கரைந்துவிட்டால் நாலு வருடத்துப் பேர் என்னாவது? வாரம் ஒருமுறை அவள் ஊட்டுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார். கரையக் கூடாது என்று அவர் விரும்பிய நாட்களும் உண்டு. இதற்கிடையில் கிழப்பூனை மாட்டுக்கொட்டகையில் செத்துப்போனது. மூன்றாம் மாதம் இளங்கடுவனின் நெறி, யாரும் தொடாமலே, பயறளவுக்கு வற்றியிருந்தது.

"தானாத்தான் வத்துது அம்மிணி. அன்னைக்கு நான் வெச்ச சூட்டுல ஒண்ணுமில்லை."

வள்ளியாத்தாள் பூனையை மடியில் எடுத்துக்கொண்டாள். "அப்ப இது பொழச்சுக்குமுங்களா?"

"தெரியலை. நெறி கரைஞ்சா நல்லாயிருச்சுன்னு இனி என் வாயால வராது."

அதன்பின் நெறிக்கு அவர் சூடு வைக்கவில்லை. சனங்கள் அடுத்த ஊர்க்காரரிடம் போனார்கள். அங்கே எல்லா நெறியும் கரைந்தது. பொங்கியண்ணன் மட்டும் வள்ளியாத்தாள் ஊட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இளங்கடுவனின் தாடைக்கடியில் அந்தப் பயறு தட்டுப்படுகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார்.

"இருக்குது," என்பார். அவள் தலையசைத்துவிட்டுப் பால் கறக்கப் போவாள்.