மச்சானின் பல் செட்டு

ரொட்டி சானாயைத் தேநீரில் ஊறப்போட்டு, மெல்லாமலே விழுங்கிக்கொண்டிருந்தார் மச்சான். லாபிஸ் கடைத்தெருவில், நாங்கள் வழக்கமாக உட்காரும் மேசையில். என் அக்கா வீட்டுக்காரர் அவர். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த காலத்தில், விடியற்காலைப் பெரட்டில் ஆள் பெயர் கூப்பிட்டால் கடைசி லயம் வரைக்கும் கேட்கும். அந்த வாய் கொஞ்ச நாளாகச் சரியாகத் திறக்கவே இல்லை.

அந்தப் பல் செட்டு எந்த வருஷம் கட்டியது என்று எனக்கு நினைவில்லை. ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த ஒரு சீனர் கட்டிக்கொடுத்தார். அவர் வீட்டு ரம்புத்தான் அவ்வளவு இனிப்பு. அது கிடக்கட்டும். பல்லெல்லாம் போன முகத்தை அக்காவுக்குக் காட்டுவதில்லை என்று மச்சானுக்கு ஒரு வீம்பு. தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார். வயதாக ஆக ஈறு கரைந்து செட்டு லொடலொடத்தது. அப்போதும் கழற்றவில்லை.

அன்று என் பக்கம் சாய்ந்து கீழ் உதட்டை இழுத்துக் காட்டினார். செட்டின் விளிம்பு அழுத்தும் இடத்தில், மடித்துவைத்த துணி மாதிரி சதை வளர்ந்திருந்தது.

"வெத்தல போட்ட வாயி மாப்ள. கேன்சருதான். ஒங்கக்காகிட்ட சொல்லிறாத."

"டாக்டரு சொன்னாரா?"

"பாத்தாலே தெரியுதுலா."

மறுநாளே அரசாங்கப் பல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயது மலாய் டாக்டரம்மா வாய்க்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்து, "ஜாங்கான் தாக்குட், பக்சிக்," பயப்படாதீங்க பெரியவரே என்றார். கேன்சர் மாதிரித் தெரியவில்லை, லூசான செட்டு உரசி உரசி வளர்ந்த சதை. கழற்றிவைத்தால் சுருங்கும், மிச்சத்தை வெட்டிச் சோதனைக்கு அனுப்பலாம். அதுவரைக்கும் செட்டு போடக்கூடாது.

அதைக் கேட்டும் மச்சான் முகம் தெளியவில்லை. பஸ்ஸில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தார். "இப்படியே எப்படி மாப்ள ஒங்கக்கா முன்னால போயி நிப்பேன்?"

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா கஞ்சியை முன்னால் வைத்தாள்.

"இந்தப் பக்கம் திரும்புங்க. நீங்க கொறட்ட விட்டா அந்தச் செட்டும் சேந்து டக்கு டக்குன்னு அடிக்கும். இத்தன வருஷத்துல நேத்துதான் நான் நல்லாத் தூங்குனேன்."

வெட்டிய சதை சோதனையில் வெறும் சதை என்றே வந்தது. புதுச் செட்டும் கட்டியாகிவிட்டது. மச்சான் இப்போது அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பொக்கை வாயோடு கடைக்கு வந்து கதை பேசுகிறார். ஆட்டுக்கறி வந்தால்தான் எடுத்து மாட்டுகிறார்.